ஒரு வகுப்பை எடைபோடுதல்



அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் விந்தையானதொரு தேர்வு நடைபெறுகிறது. தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ.யில் 30 குழுக்கள் இருக்கின்றன. கல்லூரிகளிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வரும் புதிய ஆட்டக்காரர்களை இக்குழுக்கள் முறைவைத்து, ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. இதற்கு 'டிராப்ட்' என்று பெயர். இரண்டு சுற்றுக்கள், ஏறத்தாழ 60 பேர். சென்ற பருவத்தில் மிகுதியாகத் தோற்ற குழுக்களுக்கே முன்னிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். முதற்சில இடங்களைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். வலிய குழு மேலும் வலியதாகிவிடக்கூடாது என்பதே இம்முறையின் நோக்கம்.

ஓராண்டில் இவ்வாறு எடுக்கப்பட்ட இளைஞர் அனைவரையும் சேர்த்து அந்நாட்டார் ஒரு 'வகுப்பு' என்றே அழைக்கின்றனர். 1984-ஆம் ஆண்டு வகுப்பு, 1996-ஆம் ஆண்டு வகுப்பு என்று சொல்லி, எது சிறந்தது, எது சோடை என்று வாதாடுகின்றனர். இச்சொல்தான் என்னை இந்த விஷயத்தின் பக்கம் இழுத்தது. கூடைப்பந்தை நான் ஆடியவனல்லன். மாலை வேளைகளில் பள்ளித் திடலின் ஓரத்தில் நின்று பார்த்தவன். ஆனால் வகுப்புக்களை எடைபோடுவதே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழிலாக இருந்தது.

தேர்வு முடிந்த மறுநாட் காலையிலேயே அமெரிக்கப் பத்திரிகைகள் ஒவ்வொரு குழுவின் தெரிவுக்கும் ஏ, பி, சி என்று தரம் போட்டுவிடுகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞருள் ஒருவரும் அதுவரை ஒரு என்.பி.ஏ. ஆட்டத்திலேனும் காலடி வைத்திருக்கமாட்டார். வினாத்தாளே இன்னும் கொடுக்கப்படவில்லை. அதற்குள் விடைத்தாள் திருத்தப்பட்டுவிட்டது! ஆசிரியர்களாகிய எங்களுக்குக்கூட இந்தத் துணிவு வந்ததில்லை.

2013-ஆம் ஆண்டு வகுப்பை எடுத்துக்கொள்வோம். அது வலுக்குறைந்த வகுப்பு என்ற பேச்சு தேர்வுக்கு முன்பே பரவியிருந்தது. முதலிடம் பெற்ற கிளீவ்லாந்துக் குழு, ஆந்தணி பென்னெட் என்னும் கனடா நாட்டு இளைஞரைத் தேர்ந்தது. முதலாமவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் கனடியர் அவரே. தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய தோளில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது; கோடைப் பயிற்சி முழுவதும் தவறிப்போயிற்று. தொடக்க ஆட்டங்களில் அவர் எறிந்த பந்து கூடைக்குள் செல்லவே மறுத்தது. அப்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 4.2 புள்ளிகளே எடுத்தார். ஓராண்டு கழிந்ததும் கிளீவ்லாந்து அவரை வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டது. நான்கு குழுக்களில் மொத்தம் 151 ஆட்டங்கள் ஆடியதோடு அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது.

அதே வகுப்பில் பதினொன்றாமவராக எடுக்கப்பட்டவர் மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ். தம் முதல் ஆட்டத்திலேயே 22 புள்ளிகள் எடுத்தார். தோழர்கள் கூடையிட 12 முறை பந்தை வழங்கினார். எதிரிகளிடமிருந்து 9 முறை பந்தைப் பறித்தார். அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்ற பரிசும் அவருக்கே கிடைத்தது. முதலாண்டு முடிவில் யாரேனும் இவ்வகுப்பின் மதிப்பெண் பட்டியலைத் தொங்கவிட்டிருந்தால், தலைப்பில் அவர் பெயர்தான் இருந்திருக்கும்.

பதினைந்தாம் இடத்தில் மில்வாக்கிக் குழு எடுத்தவர், யானிஸ் அன்டெடோகும்போ என்னும் 18 வயது இளைஞர். நைஜீரியப் பெற்றோருக்கு ஏதென்ஸ் நகரில் பிறந்தவர்; கிரேக்க நாட்டின் இரண்டாந்தரப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தவர். முதலாண்டில் அவருடைய சராசரி 6.8 புள்ளிகள். இருபத்தேழாம் இடத்தில் எடுக்கப்பட்ட பிரெஞ்சு இளைஞர் ரூடி கோபேர், முதலாண்டில் பெரும்பாலும் பலகையில் அமர்ந்திருந்தார், சராசரி 2.3 புள்ளிகள்.

பின்னர் நடந்தது உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். யானிஸின் சராசரி ஆண்டுக்காண்டு 12.7, 16.9, 22.9 என்று ஏறிச் சென்றது. 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவரை அடைந்தது. 2021-இல் இறுதிப் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்து, அரை நூற்றாண்டாகக் கோப்பையைக் காணாத மில்வாக்கிக்கு அதைப் பெற்றுத்தந்தார். கோபேரோ, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 2018, 2019, 2021, 2024 என நான்கு முறை பெற்றார். கார்ட்டர் வில்லியம்ஸை, பரிசு பெற்ற மறுபருவத்திலேயே பிலடெல்பியா கைமாற்றிவிட்டது. சென்று சேர்ந்த இடம் எது தெரியுமா? மில்வாக்கி. முதலாண்டில் முதல்வராக நின்றவர், அந்த 6.8 புள்ளிக்காரரின் பக்கத்திலேயே ஆடலானார்!

முதலாண்டுக் கணக்கு பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யன்று, ஆனால் அது அளப்பது வேறொன்றை. அப்பருவத்தில் பிலடெல்பியாக் குழு 82 ஆட்டங்களில் 19-இல் மட்டுமே வென்றது. இடையே தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்றது. பந்தைக் கையில் கொடுக்க வேறு தக்க ஆள் அங்கில்லை. ஆகவே புதியவர் ஆட்டத்துக்கு 34 நிமிடங்களுக்கு மேல் ஆடினார், புள்ளிகளும் குவிந்தன. கோபேருக்குக் கிடைத்ததோ பத்து நிமிடங்களுக்கும் குறைவு. முதலாண்டுப் புள்ளிகள் ஆற்றலைக் காட்டுவதைவிட வாய்ப்பைக் காட்டுகின்றன. வயதும் இதில் கலந்திருக்கிறது. கல்லூரியில் ஆடித் தேறியவரும் பதினெட்டு வயதில் எலும்பு முற்றாமல் வந்தவரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள்.

இங்கே என் தவறொன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் தலைமையாசிரியனாக இருந்த ஓராண்டில், பத்தாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு முடிவுகள் மிகவும் தாழ்ந்திருந்தன. காலை வழிபாட்டுக் கூட்டத்தில், எல்லாரும் கேட்க, "இது சோடைபோன வகுப்பு" என்று சொல்லிவிட்டேன். அவ்வாண்டு நான்கு மாதங்கள் கணித ஆசிரியர் இடம் காலியாக இருந்ததை நான் அறியாதவனல்லன். நிரப்பக் கோரி மடல்கள் எழுதியவனே நான்தான். ஆயினும் அந்த நிமிடத்தில் அது நினைவுக்கு வரவில்லை. மதிப்பெண் மட்டுமே கண்ணில் நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமண வீட்டில் அவ்வகுப்பைச் சேர்ந்த ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். சொந்தமாகக் கடைசல் பட்டறை வைத்திருந்தார்; எட்டுப் பேருக்கு வேலை கொடுத்திருந்தார். பழங்கதை பேசும்போது அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னார். நான் வருத்தம் தெரிவிக்க வாயெடுத்தேன். "இல்லை ஐயா, நாங்கள் அன்று கோபித்துக்கொள்ளவில்லை. தலைமையாசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமென்று நம்பிவிட்டோம். எங்களில் பாதிப்பேர் அதற்குப்பின் முயன்று பார்க்கவே இல்லை" என்றார். அவர் குரலில் சினம் சிறிதும் இல்லை. அதுவே எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

கூடைப்பந்துக்குத் திரும்புவோம்.

சரி, பத்தாண்டு பொறுத்திருந்தே எடைபோடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எதைக் கொண்டு அளப்பது? பலரும் கையாளும் முறை, ஒரு வகுப்பிலிருந்து எத்தனை பேர் 'ஆல் ஸ்டார்' ஆட்டத்துக்கு எடுக்கப்பட்டனர் என்று எண்ணுவது. அது ஒவ்வொரு பருவத்தின் நடுவிலும் சிறந்தவர்களைப் பொறுக்கி நடத்தும் காட்சி ஆட்டம். எண்ணுவது எளிது, ஆனால் இந்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றும். மிகவும் மெலிந்த வகுப்பு என்று பெயர் வாங்கியது 2000-ஆம் ஆண்டு வகுப்பு. அதிலிருந்து அச்சிறப்பைப் பெற்றவர் மூவரே: கெனியான் மார்ட்டின், ஜமால் மக்லோயர், நாற்பத்துமூன்றாம் இடத்தில் எடுக்கப்பட்ட மைக்கேல் ரெட். 2013-ஆம் ஆண்டு வகுப்பிலிருந்து பெற்றவர்களும் மூவரே: யானிஸ், கோபேர், விக்டர் ஒலடிப்போ. மூன்றும் மூன்றும் சமம் என்று கணிதம் சொல்லும். ஆனால் 2000-ஆம் ஆண்டு மூவரும் 2004-ஆம் ஆண்டில் ஒரே ஒரு முறை அந்த மேடையில் ஏறி இறங்கியவர்கள். யானிஸோ ஆண்டுதோறும் அங்கே நிற்பவர். சிகரத்தின் உயரமும் சிகரங்களின் எண்ணிக்கையும் வேறு வேறானவை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த மெலிந்த 2000-ஆம் ஆண்டு வகுப்பில்தான் ஜமால் கிராபோர்டு இருந்தார். மாற்றாட்டக்காரராக இடையில் இறங்கி ஆட்டத்தைத் திருப்பும் கலைக்கு உரிய விருதை மூன்று முறை பெற்றவர். இருபது பருவங்கள் ஆடியவர். ஒரு முறைகூட 'ஆல் ஸ்டார்' ஆனதில்லை. சிகரங்களை மட்டும் எண்ணும் கணக்கில் அவருக்கு இடமேயில்லை. இருபது பருவங்கள் ஒருவருக்கு ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு எந்தக் குழுவும் தருமசாலை நடத்தவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தேர்ந்தெடுத்தவரின் பிழையை வகுப்பின் பிழையாகக் கொள்வது. 1984-ஆம் ஆண்டைப் பாருங்கள். அக்காலத்தில் முதலிடத்தைக் காசு சுண்டி முடிவு செய்தனர். ஹூஸ்டன் வென்று, நைஜீரியாவில் பிறந்த ஒலாஜுவானை எடுத்தது; அவர் பின்னாளில் அந்நகருக்கு 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் கோப்பைகளை ஈட்டித்தந்தார். தோற்ற போர்ட்லந்துக் குழு இரண்டாவதாகச் சாம் போவி என்னும் நெட்டையரை எடுத்தது. மூன்றாமவராகச் சிக்காகோ எடுத்தவர் மைக்கேல் ஜார்டன். போர்ட்லந்தைப் போல நகைக்கப்பட்ட குழு வேறில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது. ஜார்டன் ஆடும் இடத்துக்குக் கிளைடு டிரெக்ஸ்லர் என்னும் வல்லவரை முந்திய ஆண்டே எடுத்திருந்தனர். நடுவில் நிற்கும் உயரமானவரே அவர்களுக்குத் தேவையாக இருந்தார். இல்லாத இடத்தை நிரப்ப எண்ணியதில் அறிவீனம் ஒன்றுமில்லை. அவர்கள் உண்மையில் பிழைசெய்தது வேறிடத்தில். போவி, கல்லூரியில் கால் எலும்பு முறிவால் இரண்டு முழுப் பருவங்களை இழந்தவர். அந்தக் காலை நம்பியதுதான் பிழை. போர்ட்லந்தில் ஐந்து பருவங்களில் அவர் ஆடியவை 139 ஆட்டங்களே. அதற்காக அவரை நகைப்பது கொடுமை என்பேன். முறிந்த எலும்பு அவர் கேட்டுப் பெற்றதன்று. உடல் நலமாயிருந்த முதற் பருவத்தில் அவர் சராசரி 10 புள்ளிகள் எடுத்து, தவறிவிழும் பந்துகளைப் பற்றுவதிலும் குறைவின்றி ஆடினார். ஜார்டனின் நிழலில் நின்றதால்தான் சிறியவராகத் தோன்றினார்.

அதே வகுப்பில் ஐந்தாமவர் சார்லஸ் பார்க்லி. பதினாறாமவர் ஜான் ஸ்டாக்டன். தொடக்கத்தில் சில ஆண்டுகள் பலகையிலிருந்து எழுந்து ஆடியவர். 19 பருவங்களையும் யூட்டாக் குழுவிலேயே கழித்து, தோழர்கள் கூடையிட 15,806 முறை பந்து வழங்கினார். இன்றுவரை எவரும் அந்த எண்ணை நெருங்கவில்லை. இரண்டாம் தெரிவு பொய்த்துப்போன ஆண்டுதான். ஆயினும் உயரத்தால் அளந்தால் நான் முதலிடம் கொடுப்பது 1984-ஆம் ஆண்டு வகுப்புக்கே. பரப்பால் அளந்தால் 1996-ஐச் சொல்வேன். ஐவர்சன் முதலாமவர், கோபி பிரையண்ட் பதின்மூன்றாமவர், ஸ்டீவ் நாஷ் பதினைந்தாமவர். எடுக்கப்பட்டவர்களில் பத்துப் பேர் 'ஆல் ஸ்டார்' ஆயினர்.

1996-ஐப் பற்றிப் பேசும்போது பட்டியலில் இல்லாத ஒருவரையும் சொல்லவேண்டும். அவ்வாண்டு 58 பேரின் பெயர்கள் படிக்கப்பட்டன. பென் வாலஸ் பெயர் படிக்கப்படவில்லை. எவரும் தேர்ந்தெடுக்காத அவர், பின்னர்த் தாமாக ஒரு குழுவில் இடம் தேடிக்கொண்டார். நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றார். 2004-இல் டெட்ராய்ட் கோப்பை வென்றபோது அதன் அரணாக நின்றார். 2021-இல் கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் இடம் பெற்றார். இவரை அவ்வகுப்பில் சேர்க்கலாகாது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே வகுப்பினர் என்பார் உளர். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக, வகுப்பறையின் சாளரத்துக்கு வெளியே நின்று பாடம் கேட்டுத் தேறியவனைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதா? நான் சேர்ப்பேன்.

வரும் ஜூன் மாதத்திலும் பெயர்கள் படிக்கப்படும். மறுநாட் காலையில் தரப்பட்டியலும் வெளிவரும். நான் அதை ஆவலோடு படிப்பேன். பழைய பழக்கம் எளிதில் விடாது. படித்தபின் மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிடுவதாக இருக்கிறேன். பத்தாண்டு கழித்து அதைத் திறக்கும்போது எனக்கு எழுபது வயது கடந்திருக்கும். மூக்குக்கண்ணாடியையும் இரண்டொரு முறை மாற்றியிருப்பேன். பதினைந்தாம் பெயர் யாருடையது, இருபத்தேழாம் பெயர் யாருடையது என்று அப்போது நிதானமாகப் பார்த்துக்கொள்கிறேன்.