நெஞ்சுவலியும் நோன்பாளரும்



நான்கு தானங்களுள் ஔஷத தானமும் ஒன்று. பிறர் நோய் தீர்த்தலை அறமாகக் கொண்ட மரபினர், தம் உடலில் தோன்றும் நோய்க்குறியைப் புறக்கணித்தல் பொருந்தாது. ஆயினும், நோன்பு நாளின் இரவில் நெஞ்சு வலித்தால், "வெறும் வயிறு, வாயுவாக இருக்கும், விடியட்டும்" என்று பொறுத்திருக்கும் முதியோர் பல இல்லங்களில் உள்ளனர். அவ்வாறு கழியும் ஒவ்வொரு மணியும் இதயத் தசையின் ஒரு பகுதியை மாய்த்துவிடக்கூடும்.

நெஞ்சுவலி அனைத்தும் இதய நோயன்று. இரைப்பையின் அமிலம் மேலெழுந்து உணவுக்குழாயைத் தாக்கினால், மார்பெலும்பின் பின்னே எரிச்சல் தோன்றும். உண்டவுடன் படுத்தால் அது மிகும். கதிரவன் மறையுமுன் உண்ணும் சமண ஒழுக்கம் இதற்கு நல்ல காப்பு. உணவுக்கும் உறக்கத்திற்கும் இடையே சில மணி நேரம் கிடைக்கிறது. பாரணையின்போது புளிப்பும் எண்ணெய்ப் பண்டமும் தவிர்த்து, மெல்லிய உணவைச் சிறிதளவே கொள்ளுதல் நன்று. தசைப்பிடிப்பாயின், விரலால் அழுத்தினாலும் உடலைத் திருப்பினாலும் வலி கூடும். ஓய்வும் வெந்நீர் ஒத்தடமும் அதனைத் தணிக்கும். மூச்சை இழுக்கும்போது குத்தும் வலி நுரையீரலைச் சார்ந்ததாக இருக்கலாம். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ உடனிருந்தால் மருத்துவரை விரைந்து காணல் வேண்டும். மனக்கலக்கமும் நெஞ்சை இறுக்கும். எனினும் பிற காரணம் இல்லையென்று மருத்துவர் உறுதி செய்த பின்னரே அம்முடிவுக்கு வரலாம்.

பொன்னூர் மலைப் படிகளில் ஏறும்போது மார்பு இறுகி, அமர்ந்தவுடன் அது நீங்குமாயின், இதயத்தின் இரத்தக் குழாய் சுருங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். வலி நீங்கிவிட்டதென மறந்துவிடாமல், சில நாள்களுக்குள் பரிசோதித்துக் கொள்ளல் வேண்டும்.

நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றியது போன்ற அழுத்தம், இடக்கை, தாடை, முதுகு ஆகிய இடங்களுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சிரைப்பு, குமட்டல் ஆகியன மாரடைப்பின் குறிகள். பெண்டிர்க்கும் முதியோர்க்கும் நீரிழிவு உடையோர்க்கும் வலியின்றி, களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே தோன்றுதலும் உண்டு. அந்நிலையில் நோயாளியை நடக்க விடாது அமர்த்தி, 108 எண்ணை அழைக்க வேண்டும். அவர் தாமே வண்டி ஓட்டிச் செல்லலாகாது. அடைப்பை நீக்கும் சிகிச்சை முதல் மணி நேரத்திற்குள் கிடைத்தால் பயன் மிகுதி. தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முதலுதவி மாத்திரைகள் வழங்கப்படுகின்றன.

"இரவில் மருந்தும் நீரும் கொள்வதில்லை என்னும் விரதம் கெடுமே" என அஞ்சுவோர் உளர். சமந்தபத்திரர் தம் ரத்னகரண்ட சிராவகாசாரத்தில், நோய் காரணமாகச் சல்லேகனை ஏற்பதற்கும், அந்நோய் தீர்க்க இயலாததாக இருத்தல் வேண்டுமென்றே வரையறுக்கிறார். அறிந்து, ஆயத்தமாகி ஏற்கும் அந்நோன்பு வேறு. தீர்க்கக்கூடிய நோயை அயர்வினால் முற்றவிட்டு மாய்தல் வேறு. பின்னதற்கு விரதத்தின் பெயரைச் சூட்டலாகாது.

ஆகவே, இதய நோயும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர், நோன்பு தொடங்குமுன் மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் அமைத்துக்கொள்ள வேண்டும். தாமே மாத்திரையை நிறுத்தலாகாது. ஆபத்தில் மருந்து கொள்வதற்கான விலக்கை, விரதம் ஏற்கும்போதே பெரியோரிடம் கேட்டுத் தெளிதல் நலம். இல்லத்து இளையோர், நோன்பிருக்கும் பாட்டனார் பாட்டியாரிடம் காலையும் மாலையும் உடல்நிலை வினவுதலையும் தம் கடமையாகக் கொள்க. உடல் நலமுற்றிருந்தாலே விரதம் நிறைவுறும்.

அறம் வளர்க. அனைத்துயிரும் இன்புறுக.