புற்று முளைக்குமுன் சுடும் வெப்பம்



கருவறையில் ஒளிதரும் தீயே அடுப்பில் அன்னமும் ஆக்குகிறது. அத்தீயின் வெப்பம் இன்று உணவுக்குழாயில் புற்று தோன்றுமுன் தடுக்கும் மருந்தாகவும் விளங்குகிறது.

இரைப்பையின் அமிலம் உணவைச் செரிக்க உதவுவது. அது மேலெழுந்து உணவுக்குழாயைப் பல்லாண்டு அரிக்குமாயின், சிலருக்கு அதன் உட்சவ்வு இயல்பிழந்து குடலின் சவ்வை ஒத்ததாக மாறிவிடுகிறது. 1950-ஆம் ஆண்டில் இதுபற்றி எழுதிய அறுவை மருத்துவர் நார்மன் பேரட் பெயரால் இது 'பேரட் உணவுக்குழாய்' எனப்படுகிறது. இது புற்றன்று, பெரும்பாலோர்க்குப் புற்றாக மாறுவதுமில்லை. ஆயினும் சிலருக்கு உயிரணுக்கள் திரிந்து, புற்றுக்கு முந்திய நிலையை அடைகின்றன.

முன்னர், அந்நிலை முற்றியோர்க்கு உணவுக்குழாயையே அறுத்து அகற்றுவர். இன்றோ, உள்நோக்குக் கருவியின் துணையுடன் வாய்வழியே சிறு பலூனைச் செலுத்தி விரித்து, ரேடியோ அலை ஆற்றலால் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் சுடுகின்றனர். கெட்ட சவ்வு மட்டும் கருகும். அடியிலுள்ள தசை தப்பும். பின்னர் அமிலம் குறைக்கும் மருந்தை உட்கொண்டுவர, அவ்விடத்தில் இயல்பான சவ்வு வளரும். பலருக்கு இச்சிகிச்சை சில தடவை வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் 127 நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், முற்றிய நிலையில் சிகிச்சை பெற்றோருள் 81 விழுக்காட்டினர்க்கு ஓராண்டில் அக்கேடு நீங்கிற்று. புற்று கண்டோர், சிகிச்சை பெற்றோருள் 1.2 விழுக்காடு, பெறாதோருள் 9.3 விழுக்காடு. சிலருக்குப் பின்னர் உணவுக்குழாய் குறுகுவதுண்டு. அதனையும் விரித்துச் சீராக்கலாம். சிகிச்சைக்குப் பின்னும் தொடர் பரிசோதனை இன்றியமையாதது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. அமில அரிப்பு இந்தியரிடையே மிகுதி என 2004-இல் வெளிவந்த மலேசிய ஆய்வுகள் காட்டின. உணவுக்குழாயில் வேறுவகைப் புற்றும் உண்டு. அதற்குப் புகையிலை, மது, வெற்றிலை பாக்கு மெல்லுதல் ஆகியவை காரணங்களாகும். 65 பாகைக்கு மேற்பட்ட கொதிப்புடன் பானம் அருந்துவதும் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு அமைப்பு 2016-இல் அறிவித்தது. பூசைத் தட்டின் தாம்பூலம் மங்கலப் பொருள். அதனை நாள்தோறும் வாயில் அடக்கி வைத்தல் வேறு. மருத்துவம் செய்யும் வெப்பம் நன்மை தரும். ஆவி பறக்க விழுங்கும் தேநீரின் வெப்பம் தராது.

உலு யாம், பத்தாங் காலி வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும், நெஞ்செரிச்சலை 'கேஸ்திரிக்தானே' என்று ஒதுக்கி, கடையில் வாங்கிய வில்லைகளை விழுங்கி ஆண்டுகளைக் கழிப்போர் இருக்கலாம். வில்லை எரிச்சலைத் தணிக்கும். சவ்வு மாறியுள்ளதா என்பதைக் காட்டாது. வாரந்தோறும் நெஞ்சு எரிந்தால் சுகாதாரக் கிளினிக்கில் சொல்லுங்கள். விழுங்குகையில் உணவு சிக்குதல், காரணமின்றி உடல் இளைத்தல், கறுப்பாக மலங்கழிதல் ஆகியவை தோன்றினால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். கடிதம் பெற்று மருத்துவமனையில் உள்நோக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்பரிசோதனை சில நிமிடங்களில் முடிவது, அஞ்சத்தக்கதன்று.

வெப்பம் காப்பது, புற்று முளைக்குமுன் வருவோரையே. வீட்டுப் பெரியவர் சோற்றைத் தள்ளிவிட்டுக் கஞ்சியை மட்டும் கேட்கத் தொடங்கினால், காரணம் கேளுங்கள். கேட்பதோடு நில்லாமல் உடனழைத்துச் செல்லுங்கள். உடல் நலம் பேணுவதும் இறைபணியே.