வலியின்றி வளரும் கொழுப்பு



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பெற்றோர் விடியுமுன் எழுந்து நிரை நிரையாக நடந்தனர். இன்று நம்முள் பலர் சிரம்பானிலும் பகாவிலும் குடியேறி, அமர்ந்தே பணிபுரிகிறோம். நடை குறைந்தது, நெய்யும் தேங்காய்ப்பாலும் ரொட்டி சானாயும் குறையவில்லை. (நம் மாநிலத்தின் மாசாக் லெமாக்கை நானும் விரும்புபவனே!)

இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தால் வலிக்காது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோர் நூற்றுவரில் 38 பேருக்கு அது மிகுந்திருந்தது. அவர்களுள் ஏறத்தாழ 25 பேர் அதனை அறியாதிருந்தனர்.

அறிந்தவர்களோ, மூன்று மாதம் மாத்திரை உண்டு, அளவு குறைந்ததும் ‘குணமாகிவிட்டது’ என நிறுத்திவிடுகின்றனர். இதுவே என் பெருங்கவலை. உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று. உடலே, குறிப்பாகக் கல்லீரல், அதனை உற்பத்தி செய்கிறது. ‘ஸ்டேட்டின்’ மாத்திரை அவ்வுற்பத்தியைக் குறைத்து, இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைக் கல்லீரல் ஈர்த்துக்கொள்ளச் செய்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் அளவு மீண்டும் ஏறும். தசைவலி தோன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார்.

தந்தையோ உடன்பிறந்தோரோ இளவயதில் மாரடைப்பால் இறந்திருப்பின், மெலிந்த உடலினரும் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.