வழியில் தொலையும் பாக்கெட்டுகள்



கம்பியில்லாமல் செய்தி அனுப்பிக் காட்டிய மார்க்கோனியின் பெயரில் ஒரு பரிசு உண்டு. அவருடைய மகள் 1974-ல் தொடங்கிய அமைப்பு, தகவல் தொடர்பில் பெரும்பணி ஆற்றியவர்களுக்கு அதை வழங்கிவருகிறது. 2023-ல் அந்தப் பரிசைப் பெற்றவர் ஹரி பாலகிருஷ்ணன். சென்னை ஐஐடியில் 1993-ல் கணினி அறிவியலில் பி.டெக். முடித்தவர், இன்று அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர். கணினி வலையமைப்புகளும், பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும் பகிர்வுக் கணிப்பும் அவருடைய துறை.

கெலமங்கலத்தில் இருக்கும் நமக்கு அவர் பெயர் புதிதாக இருக்கலாம். அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை நமக்கு நன்றாகவே தெரியும். விடியற்காலை ஷிப்டுக்கு ஓசூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள். ஆளுக்கொரு போன். பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நின்று, திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும். பஸ் ஒரு டவரை விட்டு அடுத்த டவரின் எல்லைக்குள் போகிற நேரம் அது.

அங்கே என்ன நடக்கிறது? இணையத்தில் எந்தச் செய்தியும் துண்டுதுண்டாகத்தான் போகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். வந்து சேர்ந்த பாக்கெட்டுக்குப் பெறுகிற கணினி ரசீது அனுப்பும். ரசீது வராவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். டிசிபி என்ற விதிமுறையின் சாரம் இது. 1986-ல் கலிபோர்னியாவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கும் இடையே நெரிசல் முற்றி, விநாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. அதற்கு வான் ஜேக்கப்சன் 1988-ல் மருந்து சொன்னார்: பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொள், வேகத்தைக் குறை.

கம்பி வழிக்கு அது சரியான மருந்து. காற்று வழியில் பாக்கெட் தொலைவதற்கு நெரிசல்தான் காரணம் என்று சொல்ல முடியாது. குன்று மறைக்கலாம், பஸ்ஸின் தகரம் தடுக்கலாம், டவர் மாறலாம். அப்போதும் அனுப்புகிற கணினி நெரிசல் என்றே நினைத்துக்கொண்டு தேவையில்லாமல் வேகத்தைக் குறைக்கிறது.

பெர்க்கிலியில் முனைவர் பட்ட மாணவராக இருந்த பாலகிருஷ்ணன், சீனிவாசன் சேஷன், ராண்டி காட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1995-ல் இதற்கு வழி சொன்னார். டவரிலேயே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்வது. டவரிலிருந்து போன் வரையுள்ள காற்று வழியில் தொலைந்தால் அங்கிருந்தே திருப்பி அனுப்புவது. தூரத்தில் இருக்கும் கணினிக்கு அந்தத் தொல்லையே தெரியாமல் பார்த்துக்கொள்வது. போனை வைத்திருப்பவர் அடுத்த டவருக்கு மாறப்போகிறாரா? பக்கத்து டவர்களுக்கும் முன்கூட்டியே நகல் போய்விடும். உலகத்தில் இருக்கும் இத்தனை கணினிகளில் எதையும் மாற்றச் சொல்லாமல், கோளாறு நடக்கும் இடத்திலேயே கோளாறைத் தீர்த்தார்களே, அதுதான் இந்த ஆய்வின் அழகு என்பேன். இந்த வழியில் பாலகிருஷ்ணன் எழுதிய ஆய்வேட்டுக்கு, கணினி அறிவியலில் சிறந்த முனைவர் பட்ட ஆய்வு என்ற விருது கிடைத்தது. 1998-ல் எம்ஐடியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

2001-ல் வந்தது 'கார்டு' என்ற திட்டம். அயன் ஸ்டோய்க்கா, ராபர்ட் மாரிஸ், டேவிட் கார்கர், பிரான்ஸ் காஷுக் ஆகியோருடன் அவர் எழுதியது. லட்சக்கணக்கான கணினிகளில் ஒரு கோப்பு எங்கோ இருக்கிறது. முகவரிப் பட்டியல் வைத்திருக்கும் தலைமைக் கணினி கிடையாது. எப்படித் தேடுவது? கணினிகளையும் கோப்புகளையும் எண்களாக்கி ஒரு வளையத்தில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு கணினியும் வேறு சில கணினிகளை மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதும். ஒவ்வொரு தாவலிலும் மீதித் தூரம் பாதியாகக் குறையும். பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் சுமார் இருபது தாவலுக்குள் விடை கிடைத்துவிடும்.

பத்தாண்டு தாண்டி 2011-ல் அந்தக் கட்டுரைக்குக் காலத்தை வென்ற ஆய்வு என்று விருது கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே பமீலா சேவ் என்ற அறிஞர் அதைத் தருக்க முறைப்படி சோதித்து, அச்சில் வந்தபடியே எடுத்துக்கொண்டால் சில சூழ்நிலைகளில் வளையம் அறுந்துவிடும் என்று காட்டினார். பிறகு திருத்திய வடிவத்தையும் அதற்கான நிரூபணத்தையும் அவரே எழுதினார். விருது பெற்ற கட்டுரை என்று விட்டுவிடாமல் ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறாரே! ஆராய்ச்சி என்ற தொழிலின் மீது எனக்கு மரியாதை வருவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

கார்டுக்குப் பிறகு பாலகிருஷ்ணனின் பார்வை சாலைக்குத் திரும்பியது. சாமுவேல் மேடன் முதலான சக ஆய்வாளர்களோடு பாஸ்டன் நகர டாக்சிகளில் அதிர்வு அளக்கும் கருவியும் ஜிபிஎஸ்ஸும் பொருத்தினார்கள். வண்டி குழியில் இறங்கினால் அந்தக் குலுக்கல் இடத்தோடு பதிவாகும். தொடர்பு கிடைக்கிற நேரத்தில் மையக் கணினிக்குப் போய்ச் சேரும். ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் குலுக்கலையும் கதவை அறைந்து சாத்துவதையும் குழியிலிருந்து பிரித்தறியக் கணினியைப் பழக்கினார்கள். அது சொன்ன இடங்களை நேரில் போய்ப் பார்த்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பழுது பார்க்க வேண்டிய இடங்களாகவே இருந்தன. 2008-ல் வெளிவந்த ஆய்வு இது. தக்காளி லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஓயாமல் ஓடும் நம் ராயக்கோட்டை சாலையில், இதை ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் குழு இன்றைக்கே செய்யலாம். அதிர்வுமானியும் ஜிபிஎஸ்ஸும் இப்போது எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கின்றன.

கெலமங்கலத்திலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் தினமும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பாலகிருஷ்ணன் தம் சக பேராசிரியர் ஜார்ஜ் வர்கீஸுடன் நடத்திய தகவல் தொடர்புப் பாடம், எம்ஐடியின் திறந்த பாடத் தளத்தில் முழுதாக இருக்கிறது. பிட், சிக்னல், பாக்கெட் என்று மூன்று படியாக ஏறும் பாடம். சென்னை ஐஐடியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை வி. பாலகிருஷ்ணனின் வகுப்புகளும் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கின்றன. இரண்டும் ஆங்கிலத்தில்தான். பயப்படாதீர்கள், நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள், இருவர் மூவராக உட்கார்ந்து கேளுங்கள். பார்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது.