பிறநாட்டில் நோவும் மருந்தும்



நாரி நோவும் மூட்டு வாதமும் உடையோர் தொழிலின் பொருட்டுக் கடல் கடந்து செல்லுங்கால் முதலிற் படும் இடர் மருந்தின் பெயரினால் வருவது. நம்மூரிற் பனடோல் என்று கேட்டு வாங்கும் குளிசையின் பொதுப்பெயர் பரசிற்றமோல். அமெரிக்காவிலோ அதனையே அசெற்றமினோபன் என்பர். தைலனோல் என்னும் பெயரால் விற்பர். இரண்டும் வெவ்வேறென மயங்கிச் சேர்த்து விழுங்குவோரும் உளர். வளர்ந்தோர் நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேல், அஃதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல், உட்கொள்ளலாகாது. மிஞ்சின் ஈரல் கெடும். தடிமன் மருந்துகள் பலவற்றிலும் இது கலந்திருப்பதால் அதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். மெற்றமிசோல் என்னும் நோநீக்கியை ஜெர்மனியில் வைத்தியர் இன்றும் எழுதிக் கொடுக்கின்றனர். அமெரிக்காவோ, அது குருதியின் வெள்ளணுக்களைக் குன்றச் செய்யுமென அஞ்சி 1977இல் விலக்கிவிட்டது. திரமடோல், கொடேயின் முதலியவற்றை ஐக்கிய அரபு இராச்சியத்துக்குக் கொண்டு செல்வோருக்கு வைத்தியர் சீட்டு மட்டும் போதாது. அந்நாட்டு அரசின் முன்னனுமதியும் வேண்டும். இன்றேல் சிறையும் நேரலாம். அயலவர் கொடுத்துவிடும் மருந்துப் பொட்டலத்தைத் தாட்சணியம் பாராது மறுத்தலே நன்று. நம்மவர்க்கு இது எளிதன்று.

நோயின் பெயர், மருந்தின் பொதுப்பெயர், அளவு ஆகியவற்றை வைத்தியரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்துக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்க. குளிசைகள் அவற்றிற்குரிய பெட்டியிலேயே இருக்கட்டும். புதிய வைத்தியரைக் காணும்போது, முன்பு பயன் தராத மருந்துகளையும் மறவாது சொல்லுக.

திரமடோல் போன்றவற்றை நெடுநாள் உட்கொண்டோர் கையிருப்புத் தீர்ந்ததென்று சட்டென நிறுத்தலாகாது. வியர்வையும் நடுக்கமும் உறக்கமின்மையும் தோன்றும். ஆதலால், இரு கிழமைக்கு மருந்து எஞ்சியிருக்கும்போதே அவ்வூர் வைத்தியரை நாடுக.