தற்காப்பு என்னும் எதிர்வாதம்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரை ஊர்களுள் ஒன்று தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாவின் பெயர் அவ்வூர்ப் பெயரிலேயே நிற்கிறது. அங்கே ஒரு மாலைப்பொழுதில் வேலித் தகராறு ஒன்று மூண்டதாக வைத்துக்கொள்ளலாம். அயலவர் இருவரும் முறையில் மச்சான்மார். எல்லைக் கதியால் இரண்டு முழம் தள்ளி நடப்பட்டது என்கிறார் ஒருவர், மற்றவர் மறுக்கிறார். வாய்ச்சொல் முற்றுகிறது. ஒருவர் மண்வெட்டியை ஓங்க, மற்றவர் கத்தியை வீசுகிறார். மண்வெட்டி ஏந்தியவர் மறுநாள் வைத்தியசாலையில் உயிர் துறக்கிறார்.

"மச்சான்தான் முதலில் ஓங்கினார், நான் என்னைக் காத்துக்கொண்டேன்" என்கிறார் எஞ்சியவர். ஊரில் பாதிப்பேர் நம்புகின்றனர். நீதிமன்றம் நம்புமா என்பதே கேள்வி.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமையை எல்லோருக்கும் வழங்கியிருக்கிறது. உயிருக்கோ கடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் எழுந்தவிடத்து, தாக்க வந்தவரின் உயிரைப் போக்குதலும் குற்றமாகாது. ஆயினும் பொலிசாரின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அவ்வுரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய தீங்கையும் அது மூடாது. மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடுபவரைத் துரத்திச் சென்று வெட்டுதல் பழிவாங்கலேயன்றித் தற்காப்பன்று.

பலர் அறியாத இடம் இனித்தான் வருகிறது. குற்றத்தை ஐயமற நிரூபிப்பது வழக்குத் தொடுநரின் கடமை. ஆனால் தற்காப்பு போன்ற விதிவிலக்கைக் கோருபவரே அதனை நிலைநாட்டவேண்டும் என்பது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தில் 1935 இல் பிரபுக்கள் சபை வேறு வழியில் சென்றது. அங்கே ஐயம் எழுந்தாலே எதிரி தப்புவார். அந்த வழி இலங்கைக்கும் பொருந்துமா? ஜயசேன எதிர் மகாராணியார் என்னும் இலங்கை வழக்கில், காயப்படுத்தியதை ஒப்புக்கொண்ட எதிரி தற்காப்பைக் கோரினார். இலண்டன் பிரிவிக் கவுன்சில் பொருந்தாது என்றே தீர்த்தது. 1970 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் அத்தீர்ப்பைக் காணலாம். எனினும் எதிரி ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை; தராசு அவர் பக்கம் சற்றே தாழ்ந்தால் போதும்.

அந்தச் சிறு தாழ்வுக்கு எவை உதவும்? முதலாவது, பொலிசில் அளிக்கும் முதல் வாக்குமூலம். "நான் அங்கே போகவேயில்லை என்று சொல்லிவிடு" என்பது உறவினர் வழக்கமாகக் கூறும் புத்திமதி. இதனினும் கேடான புத்திமதி அரிது. பொலிசாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சான்றாகாது என்பது உண்மையே. ஆனால் அன்று அங்கே இல்லை என்றவர் விசாரணையில் தற்காப்பைப் பேசினால், அவ்வாக்குமூலமே அவரை முரண்படுத்தும். அடுத்தது அவருடைய சொந்தக் காயம். தோளில் மண்வெட்டி பட்ட கன்றல் நாள் போக மறைந்துவிடும். சட்ட வைத்திய அதிகாரி அதனை அன்றே பார்த்து எழுதியிருந்தால் அவ்வெழுத்து மறையாது.

தற்காப்பு முழுமையாக நிலைக்காவிடினும் எல்லாம் போய்விடவில்லை. நல்லெண்ணத்துடன் தொடங்கி அளவு மீறியதாகவோ, முன்திட்டமின்றித் திடீர்ச் சண்டையில் நேர்ந்ததாகவோ காணப்பட்டால் கொலைக்குற்றம் கொலையாகாத ஆட்கொலையாகக் குறையலாம். முன்னதற்கு மரணதண்டனை, 1976 க்குப் பின் அது நிறைவேற்றப்படவில்லை எனினும் விதிக்கப்படுகிறது. பின்னதற்கு அதிகபட்சம் 20 ஆண்டுச் சிறை.

பணமில்லாதவருக்கும் வழியுண்டு. சட்டத்தரணி மூலம் விசாரிக்கப்படும் உரிமையை 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு தருகிறது; சட்ட உதவி ஆணைக்குழுவும் அவ்வாண்டின் சட்டத்தாலேயே அமைந்தது. கொலைக் குற்றச்சாட்டில் பிணை வழங்கும் அதிகாரம் நீதவானுக்கு இல்லை. மேல் நீதிமன்றத்தையே நாடவேண்டும்.

களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கும் வழக்கு மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தை அடையும்வரை காலம் செல்லும். வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இறந்தவரும் அவருக்கு மருமகன், எதிரியும் அவருக்கு மருமகன். ஒரு பக்கமும் சேரேன் என்று அவர் வாய்மூடி இருந்துவிட்டால், முதலில் மண்வெட்டியை ஓங்கியது யார் என்பதைச் சொல்ல எதிரியைத் தவிர வேறொருவரும் இல்லை.