சதுரங்கக் குறிப்பேடு



மளிகைக் கடைக்காரர் இரவில் கடையைச் சாத்துமுன் அன்றைய வரவு செலவை எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கின்றார். ஆனால், பொழுதுபோக்காக ஒரு கலையைப் பயிலும் நாம், சென்ற வாரத்தில் எவ்வளவு பயின்றோம், எங்கே தவறினோம் என்று எழுதி வைப்பதில்லை. எழுதி வைப்பதனால் விளையும் நன்மையை நான் சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்து, சற்றே காலங்கடந்து, கற்றுக்கொண்டேன். அதனையே இன்று சொல்ல விழைகின்றேன்.

நான் பேர்பெற்ற ஆட்டக்காரன் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்தமான் தலைநகரில் வாழ்பவன். இங்கே மார்கழி மாதத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுவான். மழைக்காலமோ நீண்டது. அலுவலகம் விட்டு வந்தபின் எஞ்சும் நெடிய மாலைப் பொழுதை என்ன செய்வது என்று திகைத்திருந்த நாளில், ஜங்லிகாட் பகுதியில் என் பக்கத்து வீட்டில் குடியிருந்த வங்காளப் பெரியவர் ஒருவர் என்னைச் சதுரங்கம் ஆட அழைத்தார். வங்காள வழக்கப்படி நான் அவரைத் ‘தாதா’, அதாவது அண்ணா, என்று அழைப்பேன். இத்தீவுகளில் பல மொழியினரையும் இணைப்பது இந்தியே ஆதலின், எங்கள் உரையாடலும் அம்மொழியிலேதான்.

ஞாயிறுதோறும் ஓர் ஆட்டம், ஒன்றே ஒன்றுதான். என் கையில் குறிப்பேடும் பென்சிலும் இல்லாவிடின் தாதா முதற்காயை நகர்த்தமாட்டார். பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களுக்கும், நெடுக்கு வரிசைக்கு ஓர் எழுத்தும் குறுக்கு வரிசைக்கு ஓர் எண்ணுமாகத் தனித்தனிப் பெயர் உண்டு. அப்பெயர்களைக் கொண்டு ஒவ்வொரு நகர்வையும் எழுதவேண்டும். நீண்ட நேரப் போட்டிகளில் ஆட்டக்காரர் தம் நகர்வுகளைத் தாமே குறித்தல் வேண்டும் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதியுமாகும். ஆட்டம் முடிந்ததும் தாதா, “எந்த நகர்வில் தோற்றாய்? அதை எழுது, ஏன் தோற்றாய் என்பதையும் எழுது” என்பார். வாரம் ஒரு பக்கமாகக் குறிப்பேடு வளர்ந்தது, நானும் வளர்ந்தேன்.

பின்னர்க் காலம் மாறிற்று. சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளையே நம்பியிருந்த எங்கள் இணையத் தொடர்பு, ஆட்டத்தின் நடுவே அறுந்துபோவது வழக்கம். வடம் வந்தபின் உலகத்தார் அனைவரும் என் கைப்பேசிக்குள் வந்து எதிரே அமர்ந்தனர். அவ்வேளையில் தாதாவும் தம் மகனோடு வாழக் கொல்கத்தாவுக்குச் சென்றுவிட்டார். நான் இரவு தோறும் மூன்று நிமிட ஆட்டங்கள், ஐந்து நிமிட ஆட்டங்கள் என்று ஆடித் தள்ளினேன். முன்பு ஓராண்டில் ஆடியதை இப்பொழுது ஒரே வாரத்தில் ஆடினேன். குறிப்பேடு அலமாரிக்குள் புகுந்தது.

இரண்டாண்டுகள் சென்றன. ஒரு நாள் தாதா தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்தபின், “இந்த வாரம் குறிப்பேட்டில் என்ன எழுதினாய்?” என்று கேட்டார். எனக்கு விடை இல்லை. முந்தின இரவு ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றேனும் நினைவில் இல்லை. என் தரப்புள்ளியைப் பார்த்தேன். ஈராண்டுக்கு முன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அத்தனை இரவுகளும் எங்கே போயின என்று எண்ணி வெட்கினேன்.

தரப்புள்ளி என்றேன், அதனைச் சிறிது விளக்குதல் நலம். ஜப்பானியர் பெரிதும் போற்றும் ‘கோ’ என்னும் பலகை விளையாட்டில், வலியவர் எளியவருக்குச் சில கற்களை முன்னதாகவே பலகையில் வைக்க இடங்கொடுப்பர். அக்கற்களின் எண்ணிக்கை குறையக் குறைய, எளியவரின் வளர்ச்சி கண்கூடாகத் தெரியும். சதுரங்கத்தில் அவ்வளவு எளிய அளவுகோல் இன்று வழக்கில் இல்லை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் அர்பாட் எலோ வகுத்த தரப்புள்ளி முறையை உலகக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. இருவரிடையே 200 புள்ளி வேறுபாடு இருப்பின், வலியவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 ஆட்டங்களின் பயனை எய்துவார் என்று அம்முறை எதிர்பார்க்கின்றது. ஆகவே, எளியவரைப் பலமுறை வென்றோம் என்று மகிழ்வதில் பொருள் இல்லை. எனினும், தரப்புள்ளி காய்ச்சல்மானியைப் போன்றது. காய்ச்சல் உண்டா என்று கூறும். நோய் எது என்று கூறாது. அதனைக் கூறவல்லது குறிப்பேடு ஒன்றே.

எழுதி வைத்துப் பயிலும் வழக்கம் தமிழ்க் குடும்பம் ஒன்றில் எத்துணைப் பயன் தந்தது என்பதற்குச் சான்று உண்டு. விசுவநாதன் ஆனந்த் சிறுவராயிருந்தபோது, தந்தையாரின் ரயில்வேப் பணி காரணமாக அக்குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் வாழ்ந்தது. அங்கே பகற்பொழுதில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். சிறுவர் பள்ளியில் இருப்பார். அன்னையார் சுசீலா அந்நிகழ்ச்சியில் வரும் ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் அமர்ந்து விடை காண்பர். சரியான விடைக்குப் பரிசு புத்தகம். ஆனந்த் பன்முறை வென்றமையால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதிருக்குமாறு நிகழ்ச்சியினர் கேட்டுக்கொண்டனராம்! அச்சிறுவரே 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பின்னர் உலக வாகையும் சூடினார். தாயகத்தைவிட்டு வெளியூரில் வாழும் நமக்கு, அந்த அன்னையின் குறிப்பேடு சிந்திக்கத்தக்கது அன்றோ?

நானும் என் குறிப்பேட்டை மீண்டும் எடுத்தேன். வாரத்திற்கு ஒரு பக்கம். அதில் நான்கே பத்திகள். எத்தனை மணி நேரம் பயின்றேன் என்பது முதலாவது. அரைமணி நேரத்திற்குக் குறையாத நிதான ஆட்டங்கள் எத்தனை ஆடினேன் என்பது இரண்டாவது. ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் என்ன என்பது மூன்றாவது. அவ்வாரம் புதிதாகக் கற்றது ஒன்று, நான்காவது. கணினியிடம் கேட்குமுன் காரணத்தை நானே எழுதவேண்டும் என்பது எனக்கு நானே இட்டுக்கொண்ட விதி. கணினி நொடியில் விடை சொல்லிவிடும். அவ்விடை கணினிக்குரியது, எனக்குரியது அன்று. 2024-இல் சிங்கப்பூரில் உலக வாகையர் பட்டம் வென்ற சென்னை இளைஞர் குகேஷுக்கும், தொடக்க ஆண்டுகளில் கணினியின் துணை நாடாத பயிற்சியையே அவர்தம் ஆசிரியர் அளித்தார் என்பது கருதத்தக்கது.

முதல் சில வாரங்களில் மூன்றாம் பத்தியில் நான் எழுதியவை யாவை தெரியுமா? ‘அலுவலகக் களைப்பு’, ‘மின்சாரம் நின்றது’, ‘எதிரிக்கு நற்பேறு’. இவை காரணங்கள் அல்ல, சாக்குகள் என்பது திரும்பப் படித்தபோதுதான் புலப்பட்டது. அவற்றை அடித்துவிட்டு, ஆட்டங்களை மறுபடியும் பலகையில் ஆடிப் பார்த்தேன்.

மூன்று திங்கள் முடிவில் ஒரு வியப்பு காத்திருந்தது. தொடக்க நகர்வுகளில்தான் நான் வலிமை குன்றியவன் என்று நெடுநாள் நம்பி, அவை பற்றிய நூல்களையே வாங்கிக் குவித்திருந்தேன். குறிப்பேடோ வேறு கதை கூறிற்று. என் தோல்விகளில் பெரும்பாலானவை, யானைகளும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சும் இறுதிக் கட்டத்தில் நேர்ந்தவை. ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும், அதைக் காப்பதற்கென்று யானையை ஒரு மூலையில் காவற்காரனாக நிறுத்திவிடுவேன். எதிரியின் யானையோ பலகையெங்கும் உலாவி என் சிப்பாய்களை ஒவ்வொன்றாக வீழ்த்தும். யானையைச் செயலற்று நிறுத்தலாகாது. முன்னேறும் சிப்பாயின் பின்னின்று அது உந்தவேண்டும் என்பது பழம்பெரும் வல்லுநர் கூறும் நெறி. அந்நெறியை நான் அறியாதவன் அல்லன். அறிந்தும் கைக்கொள்ளவில்லை என்பதை என் கையெழுத்தே எனக்கு எடுத்துக்காட்டியது.

அதன்பின் வாரத்தில் இரண்டு மாலைகளை அவ்விறுதிக் கட்டத்திற்கென்றே ஒதுக்கினேன். உடனே உயர்ந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஏறுமுகமாகச் சில வாரங்கள், இறங்குமுகமாகச் சில வாரங்கள். ஆனால், இறங்கிய வாரத்திலும் ஏன் இறங்கினேன் என்பதை நான் அறிவேன். ஓராண்டின் இறுதியில் தரப்புள்ளியும் சிறிது உயர்ந்திருந்தது.

சோவியத் நாட்டு உலக வாகையர் போட்வினிக், தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து அச்சில் வெளியிடுமாறு பயில்வோர்க்கு அறிவுறுத்தினார். பிறர் கண்ணில் படும் என்னும் உணர்வு இருந்தால், தன் பிழையை மறைக்க மனம் துணியாது என்பதே அதன் பயன். நமக்கு அச்சகம் வேண்டியதில்லை. நம்பத்தக்க நண்பர் ஒருவர் போதும். நான் திங்கள்தோறும் குறிப்பேட்டின் பக்கங்களைப் படியெடுத்துக் கொல்கத்தாவுக்கு அஞ்சலில் அனுப்புகின்றேன். தாதா அவற்றின் ஓரத்தில் பென்சிலால் ஏதேனும் எழுதித் திருப்பி அனுப்புவார். சென்ற முறை வந்த தாளில், ‘களைப்பு’ என்று நான் மறுபடியும் எழுதியிருந்த ஓரிடத்தைச் சுழித்து, “இது காரணமா?” என்று கேட்டிருந்தார்.

சதுரங்கமாயினும், வீணையாயினும், புதிய மொழியொன்றைக் கற்பதாயினும், வாரத்தில் ஒரு நாள் கால்மணி நேரம் ஒதுக்கி உண்மையை எழுதி வையுங்கள். தாயகத்திலிருந்து தொலைவில் வாழும் நமக்கு ஆசிரியரும் கழகமும் அருகில் வாய்ப்பது அரிது. வாய்க்கும் வரை, ஒரு குறிப்பேடு அவ்விடத்தை ஓரளவு நிரப்பும்.